ஈய உலைக்குப் பக்கத்து வீடு

நியூ டவுனில் நாங்கள் குடிவந்த வருஷம், பஸ் நிற்கும் பெரிய சாலைக்கும் எங்கள் அடுக்குமாடிக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் வெறும் ரோடு. மரம் கிடையாது, கடை கிடையாது. மழைக்காலத்தில் முழங்கால் வரை தண்ணீர். காலையில் எட்டே காலுக்கு என்னை அந்தத் தூரம் கடத்திவிடுபவர் ஒரு டோட்டோக்காரர். பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர ரிக்‌ஷாவுக்குக் கொல்கத்தாவில் டோட்டோ என்று பேர்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்கு ஒன்றிரண்டு கூடக்குறைய. அதற்கு முன் பதினெட்டு வருஷம் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர். வலது முட்டி மடங்கும்போது விரல் சொடுக்குவதுபோல் சத்தம் வரும். டோட்டோ வாங்கிய முதல் நாள், ஆட்களை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறியபோது மூச்சு வாங்காமல் இருந்ததை நம்ப முடியாமல், இறங்கியதும் திரும்பப் போய் இன்னொரு தடவை ஏறினாராம். இந்தக் கதையை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் எனக்குக் கேட்கப் பிடித்தது.

நான் இதே கொல்கத்தாவில், பவானிபூரில் பிறந்தவள். தாத்தா காலத்திலேயே ஒரு கம்பெனி வேலைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கணவர் மதுரைக்காரர், வங்கி மாற்றலில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எனக்கு சால்ட் லேக்கில் ஓர் ஆய்வகத்தில் ரசாயனப் பரிசோதகர் வேலை. நாட்டின் பல பக்கங்களில் தோண்டி எடுத்த பாறைத் துண்டுகள் துணிப்பையில் கட்டி எங்களுக்கு வரும். அவற்றில் என்ன உலோகம், எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தங்கம், செம்பு, இரும்பு. இப்போது வரும் பைகளில் பாதி, பேட்டரிக்கும் காற்றாலைக் காந்தத்துக்கும் வேண்டிய தாதுக்களைத் தேடி வருபவை.

மகள் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றி ஏதாவது செய்துவரச் சொன்னார்கள். அவள் வேறு எங்கும் போகவில்லை. டோட்டோக்காரரை வண்டி பக்கத்தில் நிற்க வைத்து, என் போனில் படம் பிடித்துக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"காக்கு, உங்க வண்டில என்ன நல்லது?"

சித்தப்பா வயதுக்காரர்களை வங்காளத்தில் காக்கு என்பார்கள். காக்கு கொஞ்சம் யோசித்துவிட்டு, "புகை வராது. சத்தம் வராது. என் முட்டிக்கு வலி வராது" என்றார். வகுப்பில் அதற்குக் கை தட்டினார்களாம். அந்தப் படத்தின் கடைசியில் நானும் இரண்டு வாக்கியம் பேசியிருந்தேன். சுத்தமான வண்டி, சுத்தமான நகரம் என்று ஏதோ. இப்போது அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வங்காளத்தில் தை மாசியில் வரும் சரஸ்வதி பூஜைக்கு அந்த வருஷம் அவர் எங்களை வீட்டுக்கு அழைத்தார். அவருடைய ஒரே பெண் குழந்தைக்கு ஏழு வயது. "எங்க வீட்டுல முதல் தடவையா புத்தகம் வெச்சுப் பூஜை, தீதி. நீங்க படிச்சவங்க, வந்து நின்னா நல்லாருக்கும்" என்றார். அக்காவை அங்கே தீதி என்பார்கள். கணவருக்கு வங்கியில் வேலை இருந்தது. மகளும் நானும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு அவர் வண்டியிலேயே போனோம்.

கால்வாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் அவர்கள் ஊர். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, முன்னால் சின்ன முற்றம், மெழுகிச் சுத்தமாக இருந்தது. மண்பொம்மை சரஸ்வதி, சாமந்திப்பூ, அவள் காலடியில் குழந்தையின் நான்கு புத்தகங்கள். காற்றில் அட்டை திறந்துகொள்ளாமல் இருக்க மேலே ஒரு கட்டியை வைத்திருந்தார்கள். உள்ளங்கை அளவு, மங்கிய சாம்பல் நிறம். என் மகள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எவ்வளவு கனம் பாரேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஈயம்.

தங்கம் இருக்கிற பாறையைப் பொடி செய்து, ஈயப் பொடி சேர்த்து உலையில் உருக்கித்தான் நாங்கள் தங்கத்தைப் பிரிப்போம். அந்த அறைக்குள் போகத் தனி உடை, தனிச் செருப்பு, முகமூடி. வெளியே வந்ததும் குளியல். அங்கே டீ குடிக்கக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது. வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் ரத்தத்தை எடுத்து அதில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருபது வருஷமாக இந்த ஒழுங்கில் வாழ்ந்தவள், அந்தக் கட்டியை ஒரு குழந்தையின் பாடப்புத்தகத்தின் மேல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது எங்கேருந்து வந்தது?" என்று கேட்டேன்.

அவர் மனைவி சிரித்தபடி வீட்டின் பின்பக்கம் கையைக் காட்டினாள். மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் உடைந்த பேட்டரிப் பெட்டிகள் கறுப்பும் சிவப்புமாக ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. நடுவில் ஒரு பள்ளம், பக்கத்தில் காற்றூதும் மின்விசிறி, கரி மூட்டை. பண்டிகை என்பதால் உலை மூட்டவில்லை. ஆனாலும் அமிலமும் கரியும் கலந்த வாசனை இருந்தது.

டோட்டோ பேட்டரி ஒரு வருஷம் உழைத்தால் அதிகம். சுற்றுவட்டாரத்தில் செத்துப்போகும் பேட்டரியெல்லாம் அங்கேதான் வரும். அமிலத்தைத் தரையில் கொட்டிவிட்டு, கோடாலியால் பெட்டியை உடைத்து, உள்ளேயிருக்கும் ஈயத் தகட்டை எடுத்து உருக்குவார்கள். உருகிய கட்டி திரும்பப் புதுப் பேட்டரிக்குள் போகும். உடைக்கிற வேலை அவர் மனைவிக்கு.

"பக்கத்துலயே வேலை, பாருங்க. இவளையும் கண்ணு முன்னாலயே வெச்சுக்கலாம். நான் உடைப்பேன், இவ அங்கேயே உக்காந்து எழுதுவா" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நீலமாக ஒரு கோடு. எங்கள் ஆய்வகத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் ஈய நச்சு எச்சரிக்கைப் படத்தில் மட்டும் நான் பார்த்திருந்த கோடு.

கிச்சடியும் பேகுனி என்கிற கத்தரிக்காய் பஜ்ஜியும் பரிமாறினார்கள். குழந்தை இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. வயிறு வலி, அடிக்கடி வரும் என்றாள் அம்மா. வெளிறிய முகம், மெலிந்த கை. போன வருஷம் தெரிந்த எழுத்து இந்த வருஷம் மறந்துபோகிறது என்று டீச்சர் திட்டுகிறாராம். இலையில் இருந்ததைச் சாப்பிட்டேன். மகளைச் சாப்பிடாதே என்று கண்ணால் தடுத்தேன். அந்த அம்மா அதைக் கவனித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து மகளைத் தலையோடு குளிப்பாட்டினேன். கணவரிடம் சொன்னேன்.

"சொல்லித்தான் ஆகணும்" என்றார் அவர்.

"எப்படிச் சொல்றது? பண்டிகைக்குக் கூப்ட்டு சோறு போட்டவங்ககிட்ட உன் வீடே விஷம்னு?"

"வேற எப்படியும் சொல்ல முடியாதே."

அப்படியும் ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். தினமும் எட்டே காலுக்கு அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பெரிய சாலை வந்துவிடும், இறங்கிவிடுவேன். பத்தாவது நாள் ஏறியதும் சொல்லிவிட்டேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஊர்ல எல்லாரும் அங்கதான் இருக்கோம், தீதி. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"ஆயிருக்கான்னு ரத்தத்துல பார்த்தாத்தான் தெரியும். ஒரே ஒரு தடவை பாத்துடலாம். நான் கூட வர்றேன்."

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து வெளியே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு குழந்தையின் ரத்தத்தில் இருக்கவே கூடாத ஈயம், எச்சரிக்கை அளவைவிடப் பல மடங்கு இருந்தது. அம்மாவுக்கு அதைவிட அதிகம். சின்ன வயது டாக்டர், பெண். குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டே பேசினாள்.

"மருந்து தர்றேன். ஆனா திரும்ப அதே வீட்டுக்குப் போனா மருந்துக்கு வேலையே இல்ல. முதல்ல இடத்தை மாத்துங்க."

"புகை பட்டாத்தானே? ஜன்னலை மூடி வெச்சிடறோம்" என்றார் டோட்டோக்காரர்.

"புகை மட்டும் இல்ல. மண்ணுல இருக்கு. உங்க மனைவி புடவையில இருக்கு. தரையில உக்காந்து விளையாடிட்டு வாயில கை வெப்பா இல்லையா, அதுல இருக்கு."

ஆஸ்பத்திரி வாசலில் அவர் என்னிடம் பேசியதை நான் அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதான் சொன்னீங்க, சுத்தமான வண்டின்னு. உங்க பொண்ணு போன்ல படம் எடுத்தப்ப பேசினீங்க. என் முட்டி தப்பிச்சதுன்னு நான் சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன். அந்த வலி போய் என் பொண்ணு ரத்தத்துல ஏறியிருக்கு. உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமில்ல? அந்த பேட்டரிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமில்ல?"

தெரியும். தினமும் இருக்கைக்கு அடியிலிருந்த ஐந்து பேட்டரிகளின் மேல்தான் உட்கார்ந்து போனேன். அவை செத்தபின் எங்கே போகின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆய்வகத்தில் என் ரத்தத்தைக் காக்க அத்தனை ஏற்பாடு. அதே உலோகத்தை இன்னொருத்தி வெறுங்கையால் உடைக்கிறாள் என்று தோன்றவே இல்லை. "தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நான் நடந்தேன். வேறு டோட்டோக்கள் பக்கத்தில் வந்து மெதுவாகும். ஏற மனம் வராமல் கையசைத்து அனுப்பிவிடுவேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வாசல் மணி அடித்தது. அவர் மனைவியும் குழந்தையும். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. செருப்பை லிஃப்ட் பக்கத்திலேயே கழற்றி வைத்துவிட்டு, "எங்க துணியில இருக்குமே, உங்க பொண்ணு இருக்கா" என்று தயங்கி நின்றாள். நான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன்.

"அவரு கோவமா இருக்காரு. கோவம் உங்க மேல இல்ல" என்றாள். "நான் முடிவு பண்ணிட்டேன். அந்த வீட்டுல இனி இவளைத் தூங்க வைக்க மாட்டேன். இப்ப என் தங்கை வீட்டுல இருக்கோம். அங்க ரொம்ப நாள் இருக்க முடியாது. இந்தப் பக்கம் ஒரு ரூம் வேணும். எனக்கு ஒரு வேலை வேணும். பேட்டரி தவிர எதுவானாலும் செய்வேன்."

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. செக்டர் ஃபைவில் ஓர் அலுவலகக் கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்கு என் கணவர் சொல்லி வைத்தார். பெரிய உதவி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நாலு இடத்தில் விசாரித்தோம், அவ்வளவுதான்.

பழைய வீட்டைக் காலி செய்த அன்று நானும் போனேன். டோட்டோக்காரர் என்னைப் பார்த்து, "வாங்க தீதி" என்றார். அதோடு எங்களுக்குள் இருந்த இறுக்கம் கொஞ்சம் விட்டது. பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டார்கள். மெத்தை, தலையணை, குழந்தையின் துணிப் பொம்மை எல்லாம் அங்கேயே கிடந்தன. குழந்தை பொம்மைக்காக அழுதது. அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

உலைக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் பள்ளமாகிப்போன ஒல்லி மனிதர். அவரை நான் மனதுக்குள் ஒரு வில்லனாகச் செய்து வைத்திருந்தேன். வந்து டீ சாப்பிடுங்கள் என்றார். வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார்.

"எந்தக் கட்டடம் உங்களுது?"

சொன்னேன்.

"அட, அங்கேருந்து போன தீபாவளிக்கு முன்னாடி மூணு இன்வர்ட்டர் பேட்டரி வந்ததே. உங்க வாட்ச்மேன்தான் வேன்ல ஏத்தி அனுப்பினாரு. நல்ல ஈயம்." எந்தக் குத்தலும் இல்லாமல், ஊரில் தெரிந்தவர்களைப் பற்றி விசாரிப்பதுபோல் சொன்னார். "என் ரெண்டு பசங்களும் இங்கதான் வேலை செய்யறாங்க மேடம். எனக்குப் பிடிச்சா செய்யறேன்?"

அந்த மூன்றில் ஒன்று எங்கள் வீட்டு இன்வர்ட்டருடையது. மாற்றியபோது பழையதைக் கீழே கொண்டுபோய் வைத்ததே நான்தான்.

அடுத்த மாதம் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பழைய பேட்டரியை உரிமம் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றேன். மாடியில் சோலார் பலகை போட்டிருக்கும் கட்டடம் எங்களுடையது, அதில் எல்லாருக்கும் பெருமை. "அது செத்தா எங்கே போகும்?" என்றும் கேட்டேன். பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேர் அலைச்சல் என்றார்கள்.

இன்னொன்றும் செய்தேன், அதைப் பற்றி இன்னும் எனக்குத் தெளிவில்லை. உலையைப் பற்றிப் புகார் எழுதிப் போட்டேன். டோட்டோக்காரரின் மனைவி என்னிடம் அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டிருந்தாள். அங்கே பத்துப் பன்னிரண்டு வீடுகள் அதை நம்பி அடுப்பு மூட்டுகின்றன என்றாள். அவளிடம் சொல்லாமல்தான் எழுதினேன். அதிகாரிகள் வந்தார்கள், பள்ளத்தை மூடினார்கள். இரண்டு மாதத்தில் நான்கு வயல் தள்ளி, வேறொரு குடியிருப்பின் ஓரத்தில் புகை எழுந்தது. அவளிடம் போய், நான்தான் எழுதினேன் என்றேன். நறுக்கிக்கொண்டிருந்த பூசணிக்காயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்ப புகை இன்னொரு வீட்டுப் பிள்ளை மேல போகுது" என்றாள். பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

டோட்டோக்காரர் மழைக்காலம் முடிந்ததும் திரும்ப எட்டே காலுக்கு வந்து நின்றார். அடுத்த தடவை பேட்டரி மாற்றும் நேரம் வந்தபோது லித்தியம் பேட்டரி போட்டுக்கொண்டார். ஐந்து பெட்டிகள் இருந்த இடத்தில் ஒரே பெட்டி. அன்று ஏறியதும் கேட்டார்.

"இதுல ஈயம் இல்லதானே?"

"இல்ல."

"வேற என்ன இருக்கு?"

லித்தியம், இரும்பு, செம்பு என்று சொன்னேன். அந்த வாரம்தான் லித்தியம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஊதா நிறம் கலந்த பாறைத் துண்டுகள் எங்களுக்கு வந்திருந்தன. அதையும் சொன்னேன்.

"அது எங்கேருந்து வருது?"

"பூமியைத் தோண்டித்தான். சிலது வெளிநாட்டுல. இனிமே நம்ம நாட்டுலயும் தோண்டுவாங்க."

கொஞ்ச தூரம் போனோம்.

"தோண்டற இடத்துக்குப் பக்கத்துல வீடு இருக்குமா?"

"இருக்கும்."

"ம்" என்றார். பிறகு, "சைக்கிள் ரிக்‌ஷாவுக்குத் திரும்பிப் போக முடியாது தீதி. முட்டி இல்ல" என்றார். போகச் சொல்லி யார் கேட்க முடியும்? அன்று ஆய்வகத்தில் அந்தப் பைகளைப் பிரிக்கும்போது, மேலே ஒட்டியிருந்த சீட்டில் எந்த ஊர் என்று முதல் தடவையாக நின்று படித்தேன். அதுவரை நான் படித்ததெல்லாம் பையின் எண் மட்டும்.

குழந்தைக்கு இப்போது பத்து வயது. ரத்தத்தில் ஈயம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் குறைந்துகொண்டு வந்தது. வயிற்று வலி போய்விட்டது, நன்றாகச் சாப்பிடுகிறாள். பாட்டு சொல்லிக்கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறாள். கணக்கு மட்டும் ஏறவில்லை. கேட்டதற்கு டாக்டர் மழுப்பவில்லை. "சிலது திரும்பி வரும், சிலது வராது. எது வரும்னு எனக்கும் தெரியாது" என்றாள். சனிக்கிழமைகளில் என் மகள் அவளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். இரண்டு பேரும் சண்டை போடும் சத்தம் சமையலறை வரை கேட்கும்.

போன மாதம் அவள் அம்மா கேன்டீன் முடிந்து நேராக என்னிடம் வந்தாள். அவர்களுடைய பழைய வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதாம். புயலில் வீடு போய், தெற்கே தீவுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இரண்டு சின்னக் குழந்தைகள். உலை போனாலும் மண் அதே மண்தான்.

"வாங்க, போய்ச் சொல்லிட்டு வரலாம்" என்றாள்.

போனோம். நான் பேச வாயெடுத்தபோது அவள் என்னைத் தடுத்துவிட்டாள். முற்றத்தில் குந்தி உட்கார்ந்து அந்தப் பெண்ணிடம் தன் குழந்தையின் பரிசோதனைத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. இவளுக்கும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எந்தத் தாள் எந்த மாதத்தினுடையது, அப்போது குழந்தை எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றையும் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். வேறு எங்கே போவது என்று கேட்டாள். தரைக்குச் சிமெண்ட் பூச வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும், சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தோம்.

திரும்பி வரும்போது, "கேப்பாளா?" என்றேன்.

"ஒரு தடவை சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னப்ப நாங்க உடனே கேட்டோமா?" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி வரணும். வர்றதுக்குள்ள வேற ரூம் எங்கயாவது இருக்கான்னு பாருங்க. நானும் பாக்கறேன்."